அப்செல்: சேர்விஸ் பில்ல நீட்டுற இந்த சொல்லுக்கு தமிழ்ல என்ன?

கொழும்புல கார் வச்சிருக்கிறவங்க இந்த சொல்ல கேட்டிருக்காட்டியும் விஷயத்த நல்லா அனுபவிச்சிருப்பாங்க. ஒயில் மாத்த மட்டும்தான் வண்டிய விட்டிருப்பீங்க, ஒரு மணித்தியாலத்துல கோல் வரும், "சேர், எஞ்சின் ஃப்ளஷ் ஒன்டும் போட்டுருவமா, இன்ஜெக்டர் கிளீன் பண்ணாட்டி பெற்றோல் கூட குடிக்கும், த்ரொட்டில் பொடியும் சரியான ஊத்தையா இருக்கு." நீங்க ஒஃபிஸ்ல மீட்டிங்ல இருப்பீங்க, சரி செய்ங்க என்டு வச்சிருவீங்க, பின்னேரம் போய் பார்த்தா பில் ரெண்டு மடங்கு. விக்கிற பக்கத்துல இருக்கிறவங்க இதுக்கு வச்சிருக்கிற பேர்தான் அப்செல்.

சொல்லு இங்கிலீஷ். அப் என்டா மேல, செல் என்டா விக்கிறது. இந்த செல்லுக்கு பழைய இங்கிலீஷ்ல செல்லன் என்டு வடிவம், அப்ப அதுக்கு பொருள் கொடுக்கிறது, கையளிக்கிறது, அவ்வளவுதான். காசுக்கு கொடுக்கிறது என்ட பொருள் பிறகு வந்து ஒட்டினது. எங்கட விற்பனை விற்றல்ல இருந்து வந்தது, விலையும் அதே வேர்தான், அதனால தமிழ்ல காசு முதல்ல இருந்தே கூட நிக்குது.

வியாபார பாடத்துல அப்செல்லுக்கு பொருள் கொஞ்சம் இறுக்கமானது. வாங்க வந்தவர அதே வகைல விலை கூடினத எடுக்க வைக்கிறது. மினரல் ஒயில் கேட்டு வந்தவருக்கு ஃபுல் சிந்தெட்டிக் விக்கிறது அப்செல். ஒயிலோட சேர்த்து வைப்பர் பிளேடும் விக்கிறது குரொஸ் செல். கராஜ் பக்கம் இந்த வித்தியாசம் யாரும் பார்க்கிறதில்ல, நீங்க கேக்காம பில்லுல ஏறுற எல்லாமே அப்செல்தான்.

இதுல ஒரு விஷயத்த நேர்மையா சொல்லணும், அப்செல் எல்லாமே ஏமாத்து இல்ல. சாப்பாட்டுக் கடைல "அண்ணே, கொத்துக்கு ஒரு முட்டை கூட போடவா" என்டு கேக்கிறதும் அப்செல்தான், அதுல உங்களுக்கு ஒரு நட்டமும் வராது, ஏனென்டா உங்கட பசி உங்களுக்கு தெரியும். கார்ட பசி உங்களுக்கு தெரியாது. பொனட்ட திறந்து காட்டினாலும், எஞ்சினுக்கு காத்து விடுற த்ரொட்டில் பொடில இருக்கிற கறுப்பு சாதாரண கறுப்பா இல்ல எஞ்சின் ஓட்டத்த குழப்புற அளவு கறுப்பா என்டு நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு சொல்ல ஏலாது. தேவை இருக்கு என்டு சொல்றதும் கராஜ்காரர்தான், அத விக்கிறதும் அவர்தான். எல்லா பிரச்சினையும் இங்கதான் பிறக்குது.

இது எங்கட ஊர் வியாதி மட்டும் இல்ல. 1992ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்து நுகர்வோர் திணைக்களம் சியர்ஸ் என்ட பெரிய கடைத்தொடர் கம்பனிட வாகன சேர்விஸ் கடைகள சோதிக்க, வாடிக்கையாளர் மாதிரி ஆக்கள காரோட அனுப்பினாங்க. 38 தடவை போனதுல 34 தடவை தேவையில்லாத வேலைய செய்ய வச்சிருக்காங்க. ஏன் என்டு பார்த்தா சேர்விஸ் அட்வைசர்மாருக்கு கமிஷன், அதுக்கு மேல இத்தன அலைன்மென்ட், இத்தன பிரேக் வேலை வித்தே ஆகணும் என்ட கோட்டா. பெரிய சத்தம் கிளம்பின பிறகு கம்பனி அட்வைசர்மார்ட கமிஷன நிப்பாட்டினது. அட்வைசர் என்டா ஆலோசனை சொல்றவர், ஆனா அவர்ட சம்பளம் உங்கட பில்லோட கட்டிக் கிடந்தா அவர் சொல்றது எப்படி ஆலோசனையாகும்?

எங்களுக்கு இதோட இன்னொரு கஷ்டமும் இருக்கு. கொழும்புல ஓடுற கார்ல நிறைய ஜப்பான்ல ஓடி வந்த வண்டிகள், அக்வா, விட்ஸ், வெசல், வேகன் ஆர். அதுட புத்தகம் ஜப்பான் மொழில இருக்கும், டேஷ்போட் பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் உறையோட அப்படியே கிடக்கும், யாரும் திறக்கிறதில்ல. திறந்து போன் கெமராவால மொழிபெயர்த்து பாருங்க, தயவு செஞ்சு ஒருக்கா பாருங்க. டர்போ இல்லாத டொயோட்டா பெற்றோல் கார்களுக்கு ஜப்பான்ல ஒயில் மாத்துற கணக்கு சாதாரண ஓட்டத்துக்கு 15,000 கிலோமீட்டர் இல்லாட்டி 1 வருஷம், கடுமையான ஓட்டத்துக்கு அதுல பாதி, 7,500 இல்லாட்டி 6 மாசம். காலி வீதி ட்ராஃபிக்ல இந்த வெயில்ல ஊர்ந்து ஊர்ந்து போறது கடுமையான ஓட்டம்தான், அத நான் மறுக்கல, அதனால 7,500 எடுங்க. ஆனா ஃபுல் சிந்தெட்டிக்குக்கு காசு வாங்கிட்டு, 5,000 கிலோமீட்டர்ல திரும்ப மாத்தணும் என்டு கண்ணாடி மூலைல ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினா அத கேள்வி கேக்கணும். 2020 மார்ச்ல வாகன இறக்குமதி நிண்டு தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரிலதான் திரும்ப திறந்தது, அந்த காலத்துல இருக்கிற வண்டிய காப்பாத்தியே ஆகணும் என்ட பயம் எல்லாருக்கும் வந்தது, பயந்தவருக்கு விக்கிறது லேசு.

எஞ்சின் ஃப்ளஷ்ஷயே எடுங்க. பழைய ஒயிலுக்குள்ள ஒரு திரவத்த ஊத்தி கொஞ்ச நேரம் ஐட்லிங்ல விட்டு எல்லாத்தையும் வடிக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸ் தங்கட பெற்றோல் எஞ்சின்களுக்கு இத பரிந்துரைக்கல என்டு அவங்கட டீலர்மாருக்கே அறிவிச்சிருக்கு. ஒழுங்கா ஒயில் மாத்தின எஞ்சினுக்குள்ள கழுவ பெரிசா ஒன்டும் இல்ல. இரிடியம் பிளக் 100,000 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கக்கூடிய சாமான், அத கழட்டி பிரஷ் போட்டு கிளீன் பண்றேன் என்டா வேணாம் என்டு சொல்லுங்க, பிரஷ் அந்த மெல்லிய முனையத்தான் கெடுக்கும். டயருக்கு நைட்ரஜன் காத்து என்டு தனிக்காசு கேப்பாங்க, நாம சுவாசிக்கிற காத்துலயே 78 வீதம் நைட்ரஜன்.

மறுபக்கம், பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், 2 வருஷத்துக்கு ஒருக்கா மாத்தத்தான் வேணும். ஹைபிரிட் வண்டில பின் சீட் பக்கத்துல இருக்கிற பற்றறி காத்து வாசல்ல தூசி அடைஞ்சா பற்றறி சூடாகும், அத கிளீன் பண்ணுங்க என்டு சொல்றவர் உங்களுக்கு நல்லதுதான் சொல்றார். அவரையும் மத்தவரையும் ஒரே சொல்லுல அடைக்கிறது நியாயமில்ல, அதனாலதான் தமிழ்ல ரெண்டு சொல்லு வேணும் என்டு நான் நினைக்கிறேன்.

நேர் மொழிபெயர்ப்பு மேல்விற்பனை. நல்ல சொல்தான், தேவையோட, விளங்கப்படுத்தி, உங்கட சம்மதத்தோட விக்கிறதுக்கு இத வச்சிக்கலாம். தேவையில்லாதத விக்கிறதுக்கு எங்கட வீடுகள்ல ஏற்கனவே ஒரு வழக்கு இருக்கு, தலையில கட்டுறது. "அந்த ஃப்ளஷ்ஷயும் தலையில கட்டி அனுப்பிட்டான்" என்டா விளக்கமே தேவையில்ல. ஆனா அத பெயர்ச்சொல்லாக்கினா தலைக்கட்டு என்டு வரும், அதுக்கு குடும்பம், வரிக்குடி என்டு வேற பொருள் நிக்குது. திணிவிற்பனை என்டு சுருக்கிப் பார்த்தா, எங்கட பாடசாலை விஞ்ஞானத்துல திணிவு என்டா மாஸ், பிள்ளைகள் கிலோகிராம்லதான் யோசிப்பாங்க. அதனால எழுத்துல திணிப்பு விற்பனை, பேச்சுல தலையில கட்டுறது. திணிப்பு என்ட சொல்லுக்குள்ள மத்தவர்ட விருப்பம் இல்லாம என்ட பொருள் ஏற்கனவே இருக்கு, மொழித் திணிப்பு என்டு கேட்டு வளர்ந்த எங்களுக்கு அத தனியா சொல்லித் தர தேவையில்ல.

கராஜ்ல தலையில கட்டுறத தடுக்க சொல்ல வேண்டியது இப்படி: "ஒயிலும் பில்டரும் மட்டும் மாத்துங்க பாஸ், வேற எதுவும் என்டா முதல்ல விலைய எழுதி அனுப்புங்க, கழட்டின பழைய சாமான கார் டிக்கில வைங்க." இத வண்டிய குடுக்கும்போதே ஜொப் கார்ட்ல எழுதச் சொல்லி கையெழுத்து வைங்க. அதுக்குப் பிறகும் கேக்காம ஏத்தினா 2003ம் ஆண்டு 9ம் இலக்க சட்டத்தால வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கு, தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்ட தமிழ்லயே எழுதலாம், பில்லுட கொப்பியையும் ஜொப் கார்ட் கொப்பியையும் சேர்த்து அனுப்புங்க.