மேடையில் நடுங்கும் கை யாருக்குத் தெரியும்?

தக்கலைப் பக்கம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்காக நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காமராஜரைப் பற்றி வீட்டில் மணி மணியாகப் பேசினாள். மேடை ஏறியதும் 'நடுவர் அவர்களே' என்பதோடு நின்றுவிட்டாள். செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினால் தேறுவாளா, இன்னும் ஒடுங்கிப் போவாளா?"

தாராளமாகக் காட்டலாம், காட்டுகிற விதத்தில் காட்டினால்.

மேடைப் பயத்தின் உடலியல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. கவனத்தில் பாதியை இந்தக் களேபரமே தின்றுவிட, மனப்பாட வரி நழுவுகிறது. எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து நடப்பது.

தன் படபடப்பு தனக்கு அவ்வளவு பலமாகத் தெரிவதால், முன்வரிசைக்கும் அது தெரிந்துவிட்டது என்று பிள்ளை நம்புகிறது. இந்த மாயையை 1998இல் கிலோவிச், சாவிட்ஸ்கி, மெட்வெக் என்ற மூன்று உளவியலாளர்கள் வேடிக்கையான சோதனை ஒன்றில் பிடித்தார்கள். 15 கோப்பைகளில் சிவப்புப் பானம். அதில் 5 மட்டும் வாயில் வைக்க முடியாத சுவை. முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குடித்தவர்கள் நினைத்த அளவுக்கு அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கோளாறு கணக்குத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அடுத்தவருக்கு எவ்வளவு தெரியும் என்று எடைபோடும்போது நம் உணர்விலிருந்துதான் தொடங்குகிறோம். 'அவருக்கு இவ்வளவு தெரியாதே' என்று கொஞ்சம் கழிக்கவும் செய்கிறோம். கழித்தது போதவில்லை, அவ்வளவுதான். அப்புறம் 'தெரிந்துவிட்டதே' என்ற நினைப்பே படபடப்பைக் கூட்ட, கூடிய படபடப்பு இன்னும் தெரிந்துவிட்டதாக நினைக்கவைக்கிறது.

இந்தச் சுழலை வெட்டுவது இத்தனை எளிதா என்று வியக்கவைத்தது, சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. பேசப் போகும் மாணவர்களில் சிலரிடம் 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே விளக்கினார்கள். அவர்களுக்குத் தங்கள் பேச்சு திருப்தியாக இருந்தது. கேட்டவர்களும் அவர்களுக்கே கூடுதல் மதிப்பெண் போட்டார்கள்.

பிள்ளைக்கு வாயால் சொன்னால் மட்டும் போதாது. அங்கேதான் வீடியோ உதவும். ஓடவிடும் முன் கேளுங்கள்: "மக்ளே, உன் கை எவ்வளவு ஆடிச்சு? விரல்ல காட்டு." ஐந்து விரலையும் விரிக்கும். பார்த்து முடித்ததும் திரும்பவும் காட்டச் சொல்லுங்கள். மடங்கும் விரல்களைப் பற்றிப் பிள்ளையே பேசட்டும். முன்கூட்டிக் கேட்பது சடங்கு இல்லை. 'நான் எப்படித் தெரிவேன்' என்று முதலில் விவரமாகக் கற்பனை செய்துவிட்டு வீடியோ பார்த்தால்தான் தன்னைப் பற்றிய எண்ணம் நன்றாகத் திருந்துகிறது என்று, மேடைப் பயம் உள்ள பெரியவர்களிடம் 2000இல் பார்த்திருக்கிறார்கள்.

முதல் தடவை ஒலியில்லாமல் ஓட்டுங்கள். நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. கனத்த ஒலிகளுக்கு எலும்பு நல்ல பாதை. பதிவில் அந்தப் பங்கு கிடையாது என்பதால் குரல் மெலிந்து கேட்கும், "அய்யே, இது நானா?" என்று பிள்ளை அதிலேயே நின்றுவிடும்.

ஞாயிறு பள்ளி, சமய வகுப்பு, ஆண்டுவிழா என்று குமரி மாவட்டத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. இறங்கிய பிள்ளையிடம் பேசத்தான் ஆளில்லை. தடுமாறினால் கண் பட்டுவிட்டது என்று உப்பு, மிளகாய் சுற்றுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் இது! மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் வெளிநாட்டுக் கல்லூரிகளைச் சுற்றி நடந்தவை. நம் நான்காம் வகுப்பில் இதை அளந்து பார்க்க ஒரு செல்போனும் பொறுமையும் போதும்; கேடயம் வாங்கும் காசில் பாதி கூட ஆகாது.

ஒன்றாம் வகுப்புக்கு இதெல்லாம் வேண்டாம். அந்த வயதில் தான் பிரமாதமாகப் பேசியதாகவே பிள்ளை நம்பும், நம்பட்டும். ஏழெட்டு வயதில்தான் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் குறுகத் தொடங்கும். உங்கள் மாணவிக்குக் காட்டும்போதும் வகுப்பைக் கூட்ட வேண்டாம், டீச்சர். நீங்களும் அவளும் போதும்.