டிபி: மாஸ்க் யார் போடணும், மாதம் 1000 ரூபாய் எங்கே சிக்குது

வடசென்னையில் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் ஒரே அறையில் நாலைந்து பேர் படுக்கும் வீடுகள் ஏராளம். அங்கே ஒருவருக்கு டிபி, அதாவது காசநோய் என்றதும் மாஸ்க் சண்டை தொடங்கிவிடும். இருமுகிறவர்தான் முதலில் போட வேண்டும். சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதும், துளிகள் வெளியே வராமல் தடுக்கும். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் அதையே போட்டால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். அவருக்கு முகத்தோடு ஒட்டும் என்95 வேண்டும். கழுத்துக் கட்டி, முதுகெலும்பு டிபி மட்டும் இருந்தால் அடுத்தவருக்குப் பரவாது. நுரையீரல் டிபியிலும், மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றால், மாத்திரையை ஒழுங்காகப் போட்ட இரண்டு வாரத்தில் பரவும் அபாயம் வெகுவாகக் குறையும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்களை வேலையை விட்டு நிறுத்துவது அநியாயம். வேலைக்குப் போகலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருமலோடு வருபவருக்கு மாஸ்க் தந்து, காற்றோட்டமான இடத்தில் தள்ளி உட்காரவைத்து, சீக்கிரம் பார்த்து அனுப்ப வேண்டும். தேசிய வழிகாட்டுதலே அதுதான். நடப்பது தெரிந்ததே. ஓ.பி. சீட்டு போடும்போதே "ரெண்டு வாரமா இருமல்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சாப்பாட்டுக்கான பணம், டிபி நோயாளிகளுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷன் யோஜனா. 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். சிகிச்சை தொடங்கும்போது 3000, 84 நாள் முடிந்ததும் இன்னொரு 3000. வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

எல்லாம் நிக்ஷய் எண்ணில்தான் நிற்கிறது, அதாவது அரசின் டிபி கம்ப்யூட்டர் பதிவில் உங்களுக்குத் தரும் எண்ணில். சீட்டில் அது இல்லையென்றால் நீங்கள் கணக்கிலேயே இல்லை. தனியார் டாக்டரிடம் காட்டுபவர்களுக்கும் பணம் உண்டு, ஆனால் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். அது சட்டப்படி அவர் கடமை. கேட்டு வாங்குங்கள்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் நோயைக் கண்டுபிடித்து, மாத்திரையை வீட்டுப் பக்கத்து கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்தில் வாங்குபவர்கள் அதிகம் அலைகிறார்கள். ஸ்டான்லியிலிருந்து நிக்ஷய் பதிவை மாற்றினால் மட்டும் போதாது, சுகாதார நிலையத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். "என் எண் இப்போ எந்த சென்டர்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு நில்லுங்கள்.

மீதித் தகராறு வங்கியில். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு எழுத்து, வருடக்கணக்கில் பணம் போடாமல் முடங்கிய கணக்கு, பழைய ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீட்டு எண்). சிண்டிகேட் வங்கி 2020-ல் கனராவோடு சேர்ந்துவிட்டது, ஆந்திரா வங்கி யூனியனோடு. அந்தக் காலத்துப் பாஸ்புக்கை நகலெடுத்துக் கொடுத்தால் பணம் உங்களுக்கு வராமல் திரும்பிப் போய்விடும். முதலில் வங்கியில் நூறு ரூபாய் போட்டுப் பார்த்து, புதிய ஐஎஃப்எஸ்சி எண்ணை எழுதி வாங்குங்கள். சொந்தக் கணக்கு இல்லாதவர் வீட்டாரின் கணக்கைக் கொடுக்கலாம், ஒப்புதல் எழுதித் தர வேண்டும்.

"அடுத்த வாரம் வாங்க" என்றால் நிராகரித்த காரணத்தைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் டிபி உதவி எண் 1800-11-6666-ல் பேசுங்கள், கட்டணமில்லை. பணம் வரவில்லை என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறலாம்; மாஸ்க்கும் மறுபடி நீண்ட நாளுக்குத் தேவைப்படும்.