உச்சி வேளையில் வெடிக்கும் காய்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மத்தியானம் ரப்பர் காட்டுக்குள் யாரோ காய்ந்த கிளையை ஒடிப்பதுபோல் ‘படார்’ என்று கேட்கிறது. உச்சி வேளையில் முனி நடமாடும் என்பார் பாட்டி. உண்மையில் அது என்ன சார்?”

பாட்டியோடு எனக்குச் சண்டை இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் காய் முற்றும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், அதுவும் மழையில்லாத நாளாகப் பார்த்து முனி நடமாடுகிறார் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது ரப்பர் காய் வெடிக்கும் சத்தம்.

ரப்பர் மரம் ஆமணக்குக் குடும்பம். ஆமணக்குபோலவே காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. பூத்து ஐந்து மாதமளவில் முற்றும். மேல்தோல் காய்ந்தபின் மிஞ்சுவது மரம்போல் கெட்டியான ஓடு. வேடிக்கை எல்லாம் இந்த ஓட்டுக்குள்தான்.

மர நாருக்கு ஒரு குணம் உண்டு. காயும்போது குறுக்குவாட்டில் நன்றாகச் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. ரப்பர் ஓட்டில் நார்கள் ஒரு அடுக்கில் ஒரு திசையிலும் அடுத்ததில் வேறு திசையிலும் ஓடுகின்றன. வெயில் ஏற ஏற ஒவ்வொரு அடுக்கும் தன் போக்கில் சுருங்கப் பார்க்கிறது. ஒட்டிக் கிடப்பதால் முடிவதில்லை. தனித்துண்டாக இருந்தால் வெயிலில் போட்ட அப்பளம்போல் வளைந்துகொள்ளும். இங்கே மூன்று அறைகளும் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன, அதற்கும் வழியில்லை. நாண் இழுத்த வில்லைப்போல விசை உள்ளேயே ஏறிக்கொண்டு போகிறது. காலையில் பனி ஈரம் ஓட்டை இளக்கி வைத்திருக்கும். அதனால்தான் மத்தியானக் கச்சேரி.

சரி, எங்கே விடும்? அறைகள் சேரும் தையலில். அங்கே மயிரிழை விரிசல் போதும். சில்லி சாஸ் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள்: ஓரத்தில் குட்டி வெட்டு இல்லையென்றால் பல்லால் கடித்தாலும் வராது, இருந்தால் சர்ரென்று கிழியும். இழுவிசை விரிசலின் முனையில் வந்து குவிவதுதான் காரணம். 1921இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை வைத்து இதைக் கணக்காக்கினார். விரிசல் நீள நீள, மேலும் நீளத் தேவைப்படும் விசை குறைந்துகொண்டே போகும். ஆகவே பிளவு பாதியில் நிற்பதில்லை. ஓடு ஆறு துண்டாக முறுக்கிக்கொண்டு சிதற, விதை பத்துப் பதினைந்து மீட்டர் பறக்கும்.

விறகைப் பிளக்க, தேங்காயை உடைக்க ஓர் ஆள் வேண்டும். காய்தான் தானே வெடிக்கிறது. தமிழுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருக்கிறது: விறகை நாம் ‘பிளக்கிறோம்’, காய் ‘வெடிக்கிறது’.

விழுந்த விதைக்கு அவகாசம் குறைவு. சில வாரங்களில் முளைக்கும் சக்தி போய்விடும். 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை 2,700 அளவில்தான். அந்த வழியில் வந்த கன்றுகள் மறு ஆண்டே நம் பேராக்கில் உள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே நிற்கும் பழைய மரத்தடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படம் பிடிக்கிறோம். ஒரு முற்றிய காயை வெயிலில் வைத்து வெடிக்கவிட்டுக் காட்டியிருக்கிறோமா?

காட்டுவதானால் தள்ளி நின்று காட்டுங்கள். சின்ன வயதில் நான் நாலு காயை அடுப்பு மேட்டில் காயவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார், கையில் ஓட்டையான பால் சட்டியோடு.