நழுவலை அளக்கும் சக்கரம்

மழை நாளில் செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவைக் கடக்கும் ஆச்சிமார், ஈரம் பட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லில் அடியைக் குறுக்கி, பாதம் முழுவதையும் பதித்து நடப்பார்கள். தரை எவ்வளவு வழுக்கும் என்பதைக் கால் அளந்து சொல்லிவிடுகிறது. அதே வீட்டுப் பிள்ளைகள் குளிர்நாடுகளில் பனிச்சாலையில் கார் ஓட்டும்போது, அந்த அளவை ஒரு கருவிதான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது.

டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானத்தை உராய்வுக் குணகம் என்ற எண்ணால் குறிப்பார்கள். உலர்ந்த தார்ச்சாலையில் அது ஏறத்தாழ 0.8 ஆகவும், இறுகிய வெண்பனியில் 0.2 ஆகவும், பனிக்கட்டியில் 0.1 ஆகவும் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் தார்ச்சாலையில் சுமார் 18 மீட்டரில் நிற்கும் கார், பனிக்கட்டியில் 140 மீட்டர் வரை ஓடும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் நம் பெரிய வீடுகளில் பெரும்பாலானவற்றின் நீளம்கூட அவ்வளவு இராது.

இந்த எண்ணை அளக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, விமான ஓடுபாதைகளிலும் பயன்படும் ஓர் இழுவை வண்டி. அதன் அளவைச் சக்கரம், வண்டியின் வேகத்துக்குரிய அளவைவிடச் சற்று மெதுவாகவே சுழலும்படி மற்றச் சக்கரங்களோடு பிணைக்கப்பட்டிருப்பதால், உருண்டுகொண்டே இடைவிடாமல் கொஞ்சம் நழுவிக்கொண்டும் இருக்கும். அப்போது சாலை அதைப் பின்னோக்கி இழுக்கும் விசையை, அதன்மேல் அழுந்தும் எடையால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைத்துவிடும். வேண்டுமென்றே நழுவவிடுவதற்குக் காரணம் உண்டு: பொதுவாக 10 முதல் 20 சதவீத நழுவலில்தான், அதாவது வண்டியின் வேகத்துக்குரிய அளவைவிடச் சக்கரம் அவ்வளவு மெதுவாகச் சுழலும்போதுதான், டயரின் பிடிமானம் உச்சத்தை எட்டுகிறது. சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால் பிடிமானம் குறைவதோடு, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அந்த இறுக்கத்தைத் தடுப்பதே ஏபிஎஸ் பிரேக்கின் வேலை.

சுவீடனின் வடபகுதியிலுள்ள ஆர்யெப்லோகில், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின்மேலும் நிலத்திலுள்ள தடங்களிலும் இத்தகைய பிரேக்குகளைச் சோதிக்கிறார்கள். ஒரு பக்கச் சக்கரங்கள் பனிக்கட்டியிலும் மறுபக்கச் சக்கரங்கள் தார்ப்பரப்பிலும் ஓடும்போது பிரேக் பிடித்து, வண்டி பக்கவாட்டில் சுழன்றுவிடாமல் நேரே நிற்கிறதா என்று பார்ப்பது அங்குள்ள கடுமையான சோதனைகளுள் ஒன்று.

பனிக்கட்டியின் வழுக்கலும் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கும்போது மேலே நீர்ப்படலம் படர்வதால், கடுங்குளிரில் இருப்பதைவிட அப்போதுதான் டயர் அதிகமாக வழுக்கும். எனவே புதிய டயரைச் சோதிக்கும்போது ஒப்பீட்டு டயர் ஒன்றையும் இடையிடையே ஓட்டி, பரப்பின் மாற்றத்தைக் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் காணப்படும் மூன்று சிகர மலையும் பனித்துகளும் கொண்ட குறி, வெண்பனியில் நடந்த அத்தகைய ஒப்பீட்டில் தேறியதற்கு மட்டுமே அடையாளம். பனிக்கட்டிப் பிடிமானத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரைச்சீட்டில் 2021 முதல் தனிக் குறி இருக்கிறது.