மாறுகண்ணைச் சின்ன வயதிலேயே ஏன் பார்க்க வேண்டும்?

பிறந்த குழந்தையின் கண்கள் முதல் மூன்று, நான்கு மாதம் அவ்வப்போது விலகுவது இயல்பு. அதன் பிறகும் விலகினாலோ, எந்த வயதிலும் ஒரு கண் திரும்பியே நின்றாலோ, தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

இரு கண்ணும் வெவ்வேறு திசையில் பார்த்தால் பெரியவர்களுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். குழந்தையின் மூளையோ திரும்பிய கண் அனுப்பும் காட்சியை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணில் பார்வை வளராது. இதுதான் சோம்பேறிக் கண். ஏழெட்டு வயதுக்குள் இதை மீட்பது எளிது; பிறகு கடினம்.

நல்ல கண்ணைக் கையால் மூடினால் குழந்தை கையைத் தட்டிவிட்டு அழும். மற்றதை மூடினால் பேசாமல் இருக்கும். அப்படியென்றால் பார்வைக் குறைவு எந்தக் கண்ணில் என்று தெரிந்துவிடுகிறது. மூக்குத்தண்டு அகலமான குழந்தைக்கு மாறுகண் இருப்பது போலத் தோன்றுவதும் உண்டு. டார்ச் ஒளிப்புள்ளி இரு கருவிழியிலும் ஒரே இடத்தில் விழுந்தால் அது பெரும்பாலும் தோற்றம்தான். ஆனாலும் மருத்துவர் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம்.

முதலில் சொட்டு மருந்து விட்டு பவர் பார்ப்பார்கள். இரண்டு, மூன்று வயதில் உள்நோக்கித் திரும்பும் கண்ணுக்குப் பெரும்பாலும் தூரப்பார்வையே காரணம்: தெளிவாகப் பார்க்கக் கண் கூடுதலாகக் குவிய முயலும்போது, அதோடு சேர்ந்து உள்ளே இழுபடுகிறது. முழு பவர் கண்ணாடியே பலருக்குக் கண்ணை நேராக்கிவிடும். கழற்றினால் மறுபடி திரும்புகிறதே என்று நிறுத்திவிடுவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. கண்ணாடி போட்டிருக்கும்வரைதான் அது வேலை செய்யும்.

கண்ணாடி போட்டும் பார்வை தேறாவிட்டால், நல்ல கண்ணை ஒட்டும் பட்டையால் மூட வேண்டும். நடுத்தரக் குறைவுக்குத் தினமும் 2 மணி நேரம், அதிகக் குறைவுக்கு 6 மணி நேரம் என்று தொடங்குவது வழக்கம். பட்டையைத் தோலிலேயே ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல் ஒட்டினால் ஓரத்தில் எட்டிப் பார்ப்பார்கள். படம் வரைதல், மணி கோத்தல் போன்ற கிட்டத்து வேலை கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் மூடினால் நல்ல கண்ணின் பார்வையே குறையலாம். பட்டையை ஏற்காத குழந்தைக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டுக் கிட்டத்தில் உள்ளவை அந்தக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியச் செய்வதும் உண்டு.

பிறந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கும் பெரிய அளவிலான மாறுகண்ணுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். கண்தசையைச் சில மில்லிமீட்டர் பின்தள்ளியோ சுருக்கியோ தைப்பார்கள். இரண்டு வயதுக்குள் செய்தால் இரு கண்ணும் சேர்ந்து பார்க்க நல்ல வாய்ப்புண்டு. ஆனால் அறுவை சோம்பேறிக் கண்ணைக் குணப்படுத்தாது. கண் நேரான பிறகும் கண்ணாடி, பட்டை, பரிசோதனை எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும். மீண்டும் பார்வை குறைந்தால் அது வெளியே தெரியாது.