அண்டர் ரெக்கவரியை நட்டம் என்று எழுதலாமா?

கச்சா எண்ணெய் விலை ஏறினால் போதும், நம் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘பெட்ரோல், டீசல் விற்பனையில் எண்ணெய் நிறுவனங்களுக்கு லிட்டருக்கு இத்தனை ரூபாய் நட்டம்.’ மூலச் செய்தியைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பது ‘அண்டர் ரெக்கவரி’ என்ற சொல். நஷ்டத்தில் உள்ள ஷ-வை எடுத்து நட்டமாக்கிவிட்டால் நல்ல தமிழ் எழுதிவிட்டதாக ஒரு திருப்தி. எழுத்து தூய்மையாகிவிட்டது, பொருள்தான் கெட்டுப்போனது.

ரெக்கவரி என்பது லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். திரும்பப் பெறுதல் என்று பொருள். கணக்கெழுதுபவர்களிடம் அது, போட்ட செலவை விற்ற விலையில் திரும்ப எடுப்பதைக் குறிக்கும். முன்னால் ‘அண்டர்’ சேர்ந்தால், எடுக்க வேண்டியதைவிடக் குறைவாக எடுத்தது. சொல்லின் கதை இவ்வளவுதான்.

சிக்கல் அந்த ‘எடுக்க வேண்டியது’ எவ்வளவு என்பதில் இருக்கிறது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஆனால் பெட்ரோலும் டீசலும் மணலி, கொச்சி, ஜாம்நகர் போன்ற இடங்களில் இங்கேயே சுத்திகரிக்கப்படுகின்றன. 2006-இல் மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு சொன்ன முறைப்படி, சுத்திகரிப்பு ஆலைக்குத் தரும் விலை ஒரு கற்பனையிலிருந்து தொடங்குகிறது: பெட்ரோலையே கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தால் என்ன விலை ஆகியிருக்கும்? கப்பல் வாடகை, காப்பீடு, சுங்க வரி எல்லாம் சேர்த்து வரும் அந்த விலைக்கு 80 பங்கு, ஏற்றுமதி செய்திருந்தால் கிடைத்திருக்கும் விலைக்கு 20 பங்கு. இப்படி வரும் விலைக்கும் உண்மையில் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அண்டர் ரெக்கவரி என்றார்கள். ஒட்டன்சத்திரத்தில் வாங்கிய தக்காளிக்குக் கோலாரிலிருந்து லாரி வாடகை சேர்த்து ஒரு விலை போட்டுக்கொண்டு, அதைவிட இரண்டு ரூபாய் குறைத்து விற்றதை ‘கிலோவுக்கு இரண்டு ரூபாய் நட்டம்’ என்று கடைக்காரர் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

நட்டம் என்பது ஆண்டுக் கணக்கின் கடைசி வரியில் தெரிவது. 2012-13-இல் அண்டர் ரெக்கவரி 1,61,029 கோடி ரூபாய். அதே ஆண்டில் இந்தியன் ஆயில் 5,005 கோடி ரூபாய் நிகர லாபம் காட்டியது. பாரத் பெட்ரோலியமும் இந்துஸ்தான் பெட்ரோலியமும்கூட லாபம்தான். ‘அரசு ஈடு கொடுத்ததால் வந்த லாபம் அது’ என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான், ஈடு வராமல் இருந்திருந்தால் பெரிய நட்டம் வந்திருக்கும். ஆனால் ஈடு வந்தது. ஒரு லட்சம் கோடி மத்திய அரசின் கருவூலத்திலிருந்து போனது, இன்னொரு 60,000 கோடியை, கச்சா எண்ணெய் எடுத்து விற்கும் ஓஎன்ஜிசி முதலிய நிறுவனங்கள் தங்கள் விலையில் தள்ளுபடியாகச் சுமந்தன. ‘எண்ணெய் நிறுவனங்களுக்கு நட்டம்’ என்று எழுதியபோது, பணம் யார் பையிலிருந்து போனதோ அவர்கள் செய்தியிலேயே இல்லை.

உண்மையான நட்டமும் வந்திருக்கிறது. 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 22 வரை, ஐந்து மாநிலத் தேர்தல்களையும் தாண்டி, பெட்ரோல் விலையை நிறுவனங்கள் தொடவே இல்லை. பிறகு இரண்டு வாரத்தில் பத்து ரூபாய் ஏற்றிவிட்டு மறுபடி நிறுத்தினார்கள். கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டி நின்ற 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 18,000 கோடிக்கு மேல் நிகர நட்டம் காட்டின. அதை நட்டம் என்றே எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் நட்டம் என்று எழுதிப் பழகியவர்களுக்கு, உண்மையில் நட்டம் வந்தபோது எழுத வேறு சொல் மிச்சமில்லை.

சில இதழ்கள் ‘வருவாய் இழப்பு’ என்று எழுதுகின்றன. நட்டத்தைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் அந்தத் தொடருக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று சொன்னது. அது அரசு விட்டுக்கொடுத்த வரி. அண்டர் ரெக்கவரியோ மத்திய கலால் வரியும் மாநில வாட் வரியும் ஏறுவதற்கு முந்தைய கணக்கு. கடலூர்க்காரர் புதுச்சேரி எல்லை தாண்டிப் போய் வண்டிக்கு பெட்ரோல் போடுவது இந்த வாட் வித்தியாசத்துக்காக. இரண்டையும் ஒரே தொடரால் எழுதினால், விலை ஏன் ஏறியது என்று கேட்பவருக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

‘குறை மீட்பு’ என்றும் ஒன்று பார்த்தேன். யாரோ கிணற்றில் விழுந்து பாதி வெளியே வந்தது போல இருக்கிறது. தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘குறைதண்டல்’ என்றார். தண்டல் பழைய சொல்தான், வரி வசூலுக்கு வழங்கியதுதான். ஆனால் இன்றைக்குச் சென்னையில் தண்டல் என்றால் காய்கறி வண்டிக்காரர் தினமும் கட்டும் கடன். அந்தச் சொல்லைத் திரும்பப் பிடுங்க முடியாது.

நான் ‘வரவுக்குறை’ என்று எழுதுகிறேன். வரவு செலவு தெரியாத வீடு கிடையாது. வரவேண்டியதில் குறைந்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது, கையிலிருந்து போனது என்ற மயக்கமும் இல்லை. முக்கியமாக, இதற்கு எதிர்ச்சொல் கிடைக்கிறது: வரவுமிகை. 2022 மே மாதத்திலிருந்து 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசிலேயே நின்றது. இடையில் கச்சா எண்ணெய் நன்றாக இறங்கியது. 2023-24-இல் மூன்று நிறுவனங்களின் லாபம் ஏறக்குறைய 81,000 கோடி. அப்போது எந்தத் தலைப்பிலும் ‘லிட்டருக்கு இத்தனை ரூபாய் வரவுமிகை’ என்று வந்ததாக நினைவில்லை. குறைவுக்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொரு மொழிபெயர்ப்பும் கூட்டு: ‘விலைக் கட்டுப்பாடு நீக்கம்’. பெட்ரோலுக்கு 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் கட்டுப்பாடு நீங்கிவிட்டது என்று எழுதினோம். 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் தினசரி விலை மாற்றம். பிறகு 2018-இல் கர்நாடகத் தேர்தல் வந்தபோது அந்தத் தினசரி விலை ஏறக்குறைய மூன்று வாரம் அசையவில்லை. கட்டுப்பாடு நீங்கவில்லை, அறிவிப்பில்லாத கட்டுப்பாடாக மாறியது. அரசு விலையைக் கட்டுப்படுத்தலாமா கூடாதா என்ற வாதத்தில் நான் கட்டுப்படுத்தலாம் என்ற பக்கம், ஆனால் வெளிப்படையாக, எழுதிவைத்த விதியோடு. இலங்கையில் 2018-இல் வந்த ஏற்பாட்டை அங்குள்ள தமிழ் ஊடகங்கள் ‘எரிபொருள் விலைச் சூத்திரம்’ என்றன. சூத்திரம் நல்லதோ கெட்டதோ, என்ன வருகிறது என்பது பெயரிலேயே புரிந்தது.

2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை சமையல் எரிவாயுவுக்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு 30,000 கோடி ரூபாயை 12 தவணைகளில் தர ஒப்புதல் அளித்தது. சிலிண்டர் விலையை அரசே பிடித்து வைத்திருக்கிறது, எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அந்தச் செய்திக்கு ‘நட்டத்தில் தவிக்கும் நிறுவனங்களுக்கு உதவி’ என்ற தோரணை தேவையில்லை. ‘சிலிண்டர் விற்பனையில் வரவுக்குறை, 30,000 கோடி ஈடு தருகிறது அரசு’ என்று போட்டாலே தலைப்பில் இடம் போதும்.