ஐபாட் டச்சை ஜெயில்பிரேக் செய்யும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கருவி பழுதுபார்க்கும் வேலையில் எனக்கு மிகவும் சங்கடமான நேரம், எந்தப் பழுதும் இல்லாத கருவியை ஒருவர் மேஜையில் வைக்கும்போதுதான். அப்படி ஒருமுறை ஒரு பெண் ஐந்தாம் தலைமுறை ஐபாட் டச் ஒன்றைக் கொண்டுவந்தார். திரை சுத்தம், பட்டன்கள் சரி, ஆன் செய்தால் 'ஹலோ' என்று புதுக்கருவி போல வரவேற்கிறது. பிரச்சினையே அந்த 'ஹலோ'தான். பாட்டு வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை மூன்று வருடமாக அதில்தான் பதிவு செய்து வைத்திருந்தார், பேக்கப் எங்கும் இல்லை.

நடந்தது இதுதான். ஐஓஎஸ் 8.4 இருந்த கருவியை ஜெயில்பிரேக் செய்திருக்கிறார், அதாவது ஆப்பிள் போட்ட பூட்டுகளைத் திறந்திருக்கிறார், பல மாதம் நன்றாகவே ஓடியிருக்கிறது. ஒருநாள் பூட்டுத்திரையின் தோற்றத்தை மாற்றும் ட்வீக் என்ற சிறு நிரல் ஒன்றைப் போட்டதும் ஆப்பிள் லோகோ வருவதும் அணைவதுமாகச் சுழல ஆரம்பித்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் "கம்ப்யூட்டரில் மாட்டி ரீஸ்டோர் கொடு, சரியாகிவிடும்" என்றிருக்கிறார். சரியாகத்தான் ஆனது, பதிவுகள்தான் இல்லை. மூன்றாம் தலைமுறையிலிருந்தே ஐபாட் டச் தன் சேமிப்பை வன்பொருள் மட்டத்தில் மறையாக்கம் செய்துதான் வைக்கிறது, ரீஸ்டோர் செய்யும்போது, அதாவது எல்லாவற்றையும் அழித்து ஐஓஎஸ்-ஐப் புதிதாக ஏற்றும்போது, அந்த மறையாக்கத்தைத் திறக்கும் சாவி அழிந்துவிடும். சாவி போனபின் சிப்பைக் கழற்றிப் படித்தாலும் கிடைப்பது வெறும் குப்பைதான். இதை அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தொண்டை அடைத்துக்கொண்டது.

லோகோ சுழன்றுகொண்டிருந்த நிலையிலேயே வந்திருந்தால் வழி இருந்திருக்கலாம். அந்தக் காலத்து ஜெயில்பிரேக்குகளில் வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் ட்வீக்குகள் ஏறாமலே கருவி எழும். வந்ததும் கெட்ட ட்வீக்கை நீக்கினால் போதும். பலருக்கு இது தெரியாது, அதனால்தான் முதலில் எழுதுகிறேன். ரீஸ்டோர் பட்டனைக் கடைசியாக மட்டும் தொடுங்கள்.

ஜெயில்பிரேக் பற்றிக் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கருவி செத்துப்போய்விடுமா?" என் அனுபவத்தில் அது மிக அபூர்வம். கருவியைத் துவக்கும் முதல் நிரல் சிப்பிலேயே எழுதப்பட்டது, அதை யாராலும் மாற்ற முடியாது. அதனால் ஐஓஎஸ் ஏறும் முன்பே நிற்கும் டிஎஃப்யூ என்ற மீட்பு நிலைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். போவது உள்ளே இருப்பதுதான். அதோடு இன்னொன்றும் போகும்: பழைய ஐஓஎஸ் பதிப்புகளுக்கு ஆப்பிள் கையொப்பம் தருவதை நிறுத்திவிடும், ரீஸ்டோர் செய்தால் அப்போது அனுமதிக்கப்பட்ட பதிப்புக்குத்தான் போவீர்கள். அந்தப் பெண்ணின் கருவியும் 9.3.5-க்குப் போய்விட்டது. விரும்பி வைத்திருந்த 8.4-க்குத் திரும்ப வழியில்லை.

அதற்காக ஜெயில்பிரேக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதனால் உண்மையான நன்மைகள் உண்டு. 2010-ல் ஐஓஎஸ் 4 வந்தபோது இரண்டாம் தலைமுறை ஐபாட் டச்சுக்கு முகப்புத்திரை வால்பேப்பரையும் மல்டிடாஸ்கிங்கையும் ஆப்பிள் தரவில்லை, ஜெயில்பிரேக் செய்தவர்கள் தாங்களே திறந்துகொண்டார்கள். 2013-ல் கன்ட்ரோல் சென்டர் வரும் முன்பே வைஃபையை ஒரே தட்டலில் நிறுத்தும் வசதி ஜெயில்பிரேக் கருவிகளில் இருந்தது. இன்று இதைவிட முக்கியமானது வேறு. 2022-ல் ஐபாட் டச் விற்பனையே நின்றுவிட்டது, கடைசியாக வந்த ஏழாம் தலைமுறையும் ஐஓஎஸ் 15-ஐத் தாண்டாது. அலமாரியில் தூங்கும் கருவியில் ஐடியூன்ஸ் இல்லாமல் கோப்புகளைக் கையாளவும், அதை உங்கள் இஷ்டப்படி ஒரு நல்ல பாட்டுப்பெட்டியாக்கவும் ஜெயில்பிரேக் உதவும். அதைக் குப்பையில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஜெயில்பிரேக் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு செய்யுங்கள். சாதாரணமாக ஒவ்வொரு ஆப்பும் தன் அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும், ஆப்பிளின் கையொப்பம் இல்லாத நிரல் ஓடாது. ஜெயில்பிரேக் இந்த இரண்டு காவலையும் தளர்த்துகிறது. நீங்கள் போடும் ட்வீக் மற்ற ஆப்களுக்குள்ளேயே நுழைந்து வேலை செய்யும், அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். 2015-ல் கீரெய்டர் என்ற தீநிரல், சீனாவில் பலர் சேர்த்துவைத்திருந்த ட்வீக் மூலங்கள் (ட்வீக்குகளை இறக்கும் தளங்கள்) வழியாகப் பரவி, 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்களைத் திருடியது. ஜெயில்பிரேக் செய்த கருவிகளில் மட்டுமே அது நடந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ட்வீக்கை இலவசமாகத் தருகிறோம் என்கிற மூலங்களைத் தொடாதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ரொம்பப் பேர் கோட்டை விட்டது. ஐஓஎஸ் கருவிகளில் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்குக்கு முதலில் இருக்கும் பாஸ்வேர்ட் எல்லாவற்றிலும் ஒன்றேதான், 'அல்பைன்'. வெளியிலிருந்து கருவிக்குள் நுழைய வழிதரும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலைப் போட்டுவிட்டு அதை மாற்றாமல் விட்டவர்களின் ஐபோன்களுக்குள் 2009 நவம்பரில் ஐக்கி என்ற புழு ஆஸ்திரேலியாவில் புகுந்தது. அது வால்பேப்பரை மாற்றியதோடு நின்றது, ஆனால் அதே மாதம் அதே வாசலில் வந்த இன்னொன்று நெதர்லாந்தில் வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. இத்தனைக்கும் பாஸ்வேர்டை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. ரூட், மொபைல் என்று இரண்டு கணக்கு இருக்கும், இரண்டையுமே மாற்றுங்கள்.

சட்டப்படி சரியா என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் இப்படிப் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து 2010-ல் கைபேசிகளுக்கு விலக்கு கிடைத்தது, மற்ற கையடக்கக் கணினிக் கருவிகளுக்கு 2015-ல்தான். மற்ற நாடுகளின் சட்டம் வேறு, உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதித்தாலும், ஜெயில்பிரேக் செய்த கருவிக்குப் பழுதுபார்க்கும் சேவையை மறுக்கலாம் என்று ஆப்பிள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் கருவியை வாங்கி அமைப்புகளைத் திறந்து, எந்த ஆப்பிள் கணக்கு உள்நுழைந்திருக்கிறது என்று பார்க்கிறேன். உங்கள் போனில் இருக்கும் அதே கணக்கு, வங்கி ஆப், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருந்தால் வேண்டாம், வீம்புக்காகக்கூட வேண்டாம். பாட்டும் விளையாட்டும் மட்டும்தான், கணக்கும் தனி என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆறாம் தலைமுறைக் கருவிக்கும், ஐஓஎஸ் 14 வரை இருக்கும் ஏழாம் தலைமுறைக் கருவிக்கும், 2019-ல் வெளியான செக்எம்8 என்ற பாதுகாப்பு ஓட்டையை வைத்து எழுதிய செக்ரெயின் என்ற ஜெயில்பிரேக் நிரல் இருக்கிறது. ஓட்டை சிப்பிலேயே இருப்பதால் எந்த அப்டேட்டும் அதை அடைக்காது. கருவியை அணைத்துப் போட்டால் அது சாதாரண ஐபாடாகவே எழும், ட்வீக்குகள் திரும்ப வேண்டுமென்றால் மறுபடியும் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். சிலருக்கு இது தொந்தரவு, எனக்கு இதுதான் பிடித்த அம்சம், ஏனென்றால் தவறான ட்வீக் போட்டாலும் ஒரு ரீஸ்டார்ட்டில் பெரும்பாலும் மீண்டுவிடலாம்.

அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து ஏழாம் தலைமுறை ஐபாட் டச் ஒன்றோடு திரும்பவும் வந்தார், ஜெயில்பிரேக் செய்யத்தான். கேபிளை மாட்டும் முன் வாய்ஸ் மெமோவைத் திறந்து காட்டச் சொன்னேன். காலியாக இருந்தது. வகுப்புப் பதிவுகள் இப்போது போனில் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். சரி என்று ஆரம்பித்தேன்.